கேமரா வைத்த சிக்னல் காலி ரோட்டுக்கு 40 வினாடி பச்சை காட்டுகிறது. என்ன கோளாறு?

முக்குக்கடை பேக்கரி:

வணக்கம். நான் இன்ஜினியர் இல்லை. நாற்சந்தி முக்கில் 16 வருடமாக பேக்கரி நடத்துகிறவன். ஊர்ப் பெயர் வேண்டாமே. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த 11 ஊர்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லாவில் உட்கார்ந்தால் எனக்கு நான்கு ரோடும் தெரியும். வடக்கே மில் ரோடு. தெற்கே பஸ் ஸ்டாண்ட் ரோடு. கிழக்கே மார்க்கெட் ரோடு, ரோடு என்பது மரியாதைக்கு, சந்துதான். மேற்கே புதிதாக அகலப்படுத்தி பைபாஸோடு சேர்த்த ரோடு. பார்க்க ஜம்மென்று இருக்கும், வண்டிதான் இருக்காது.

முன்பு பழைய சிக்னல் இருந்தபோது காலையும் மாலையும் ஒரு ஏட்டையா வந்து பெட்டியைத் திறந்து கையாலேயே மாற்றுவார். மில்லில் ஷிஃப்ட் விடுகிற நேரம் அவருக்குத் தெரியும், ஸ்கூல் விடுகிற நேரம் தெரியும், முகூர்த்த நாள் கூடத் தெரியும். கையில் டீ கிளாஸோடு நான்கு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு சுவிட்சைத் தட்டுவார்.

பத்து மாதத்துக்கு முன்னால் புது சிக்னல் போட்டார்கள். நான்கு கம்பத்திலும் கேமரா. "வண்டி எவ்வளவு வருகிறது என்று பார்த்து அதுவே பச்சையைக் கூட்டும், குறைக்கும். ஏ.ஐ. அண்ணா" என்று மாட்ட வந்த பையன்கள் தேங்காய் பன் தின்றுகொண்டே சொன்னார்கள். முதல் மூன்று மாதம் எனக்கே ஆச்சரியம். மார்க்கெட் ரோட்டில் ஆள் இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு வினாடியில் மூடிவிடும். ஏட்டையாவுக்கு வேலை போச்சு என்று கிண்டல் செய்தோம்.

புரட்டாசியில் இருந்து என்னவோ ஆகிவிட்டது. மேற்கு ரோட்டில் ஒரு நாய் படுத்திருக்கும், அதற்கு 40 வினாடி பச்சை. மில் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசை பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நிற்கும். போன வியாழக்கிழமை பிறந்தநாள் கேக் ஒன்றை டெலிவரிக்கு அனுப்பினேன். அடுத்த தெருதான், ஆனால் மில் ரோடு வழியாகச் சுற்றி வர வேண்டும். மூன்று சிவப்பு. போய்ச் சேர்ந்தபோது க்ரீம் இளகி "ஹேப்பி"யில் "ப்பி"யைக் காணோம். காசு திருப்பிக் கொடுத்தேன்.

புகார் சொல்லப் போனால் "சிக்னல் எரியுதுல்ல?" என்கிறார்கள். எரிகிறதுதான். அதற்கு மேல் எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அந்தக் கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது? நன்றாக ஓடிக்கொண்டிருந்தது எப்படிக் கெடும்? யாரிடம் எந்த வார்த்தையைச் சொன்னால் அவர்கள் எழுந்து வருவார்கள்?

ஊர்க்குருவி 77:

எல்லாம் டெண்டர் அண்ணா. அந்தக் கேமரா வண்டியை எண்ணுவதற்கு இல்லை, செலான் போடுவதற்கு. ஹெல்மெட் இல்லாமல் போய்ப் பாருங்கள், கண் எவ்வளவு கூர்மை என்று தெரியும்.

முக்குக்கடை பேக்கரி:

இல்லைங்க, செலான் கேமரா தனியாக இருக்கிறது, அது வேறு கம்பம். என் மச்சானுக்கு இரண்டு முறை வந்துவிட்டது, அதனால் நன்றாகத் தெரியும். நான் கேட்பது சிக்னல் விளக்குக்கு மேலே சின்னதாக மாட்டியிருப்பதை.

சிங்கை சிக்னல்காரன்:

அண்ணே, இது நம்ம ஏரியா. நான் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரில் சிக்னல் பராமரிப்பில் 11 வருடம், பெரும்பாலும் ராத்திரி வேலை. ரோட்டை மெஷினால் கீறி, அந்தக் கீறலுக்குள் வயரைச் சுற்றிப் போட்டு, தார் மாதிரி ஒன்றை ஊற்றி மூடுவோம். அங்கே ஸ்டாப் லைனுக்குப் பக்கத்தில் கறுப்பாகக் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அது எங்கள் கைவேலை. லூப் என்போம். மேலே இரும்பு வந்து நின்றால் வயரில் மின்சாரக் குணம் கொஞ்சம் மாறும், பெட்டிக்கு வண்டி வந்தது தெரியும். மழை, இருட்டு, பனி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ரோட்டைச் சுரண்டிப் புதுத் தார் போட்டால் மட்டும் செத்துப்போகும். ராத்திரியில் டெலிவரிப் பையன்கள் பைக்கைக் கட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பச்சைக்காகக் காத்துக் கிடப்பார்கள். "கறுப்புக் கோட்டு மேல நிறுத்துப்பா" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

நம் ஊரில் லூப் சரிப்படாது. லேன் பார்த்து யார் நிற்கிறார்கள்? இரண்டு காருக்கு நடுவில் ஆறு பைக். அதனால்தான் கேமரா. ஆனால் கேமரா போலீஸ்காரர் மாதிரி எட்டிப் பார்க்கிறது என்று நினைக்காதீர்கள். மாட்டுகிறவன் லேப்டாப்பில் படத்தைத் திறந்து ரோட்டின் மேல் சில கட்டங்கள் வரைவான். கட்டத்துக்குள் வண்டி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். காற்றிலோ பேனர் கயிறு இழுத்தோ கேமரா நாலு விரல் திரும்பினால் கட்டம் நடைபாதை மேல் போய் உட்கார்ந்துவிடும். அங்கே ஒரு ஆட்டோ நாள் முழுக்க நின்றால், அந்த ரோட்டில் நாள் முழுக்க நெரிசல் என்று நினைத்துப் பச்சையை அள்ளிக் கொடுக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் ஓடுவது கிளைட் என்கிற ஏற்பாடு. அதற்கு அடிப்படை சிட்னிக்காரர்கள் 1970களில் செய்த ஸ்கேட்ஸ். அது வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதே இல்லை. பச்சை எரியும்போது ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்க்கும். வண்டிகள் ஒட்டி ஒட்டிப் போனால் பச்சை முழுதும் பயன்பட்டது. இடைவெளி விழுந்தால் அந்த நேரம் வீண். எந்த ரோட்டில் வீணாகிறதோ அங்கே கொஞ்சம் எடுத்து, இறுக்கமாக ஓடும் ரோட்டுக்குக் கொடுக்கும். ஒரேயடியாக இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் சில வினாடி.

உங்கள் மேற்கு ரோட்டு நாய்க்கு 40 வினாடி கிடைக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. கேமரா பொய்யாக எதையோ பார்க்கிறது. அல்லது யாருமே பார்க்கவில்லை, பெட்டி தன்னிடம் இருக்கும் பழைய கணக்கை மனப்பாடமாக ஒப்பிக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். மில் ரோட்டுக்குப் பச்சை விழுந்த நொடியிலிருந்து அடுத்த முறை அதே ரோட்டுக்குப் பச்சை விழும் நொடி வரை போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். அதுதான் ஒரு சுற்று. பத்துச் சுற்று எழுதுங்கள். காலை, மதியம், மாலை மூன்று நேரமும் வேண்டும். கம்பத்தில் எண் இறங்குகிற போர்டு இருந்தால் அது எப்படி ஓடுகிறது என்றும் சொல்லுங்கள்.

முக்குக்கடை பேக்கரி:

எண்ணிவிட்டேன். பன் ட்ரேக்கு அடியில் போடும் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் 5.40க்கு ஆரம்பித்து பத்துச் சுற்று. ஒன்பது முறை 132. ஒரு முறை 131, அப்போது ஒருவர் எக் பஃப்ஸ் கேட்டார், என் விரல் அவசரப்பட்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்கும் 132. காலையில் அடுப்பு பற்றவைக்க ஐந்து மணிக்கு வருவேன், ரோட்டில் பால் வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை, அப்போதும் 132. பிரித்துப் பார்த்தால் மேற்கு 40, மில் 30, பஸ் ஸ்டாண்ட் 30, மார்க்கெட் 16. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மஞ்சளும் எல்லாப் பக்கமும் சிவப்புமாக 4 வினாடி. கூட்டினால் சரியாக வருகிறது.

எண் போர்டைப் பற்றிக் கேட்டீர்களே, அது சுவாரசியம். புதிதில் அந்த போர்டு பெரும்பாலும் இருட்டாக இருக்கும், கடைசி ஐந்து வினாடி மட்டும் காட்டும். கெட்டுப்போனது என்று நினைத்தோம். இப்போது 40, 39, 38 என்று அழகாக இறங்குகிறது. சரி செய்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டோம்.

சிங்கை சிக்னல்காரன்:

அண்ணே, அந்த போர்டு கெட்டிருந்தபோதுதான் சிக்னல் நன்றாக இருந்தது! பச்சை எப்போது முடியும் என்று அதற்கே முன்கூட்டித் தெரியாது, வண்டியைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்யும். பிறகு எப்படி 40லிருந்து எண்ணிக் காட்டும்? கடைசி சில வினாடிதான் உறுதியாகச் சொல்ல முடியும். போர்டு முதலிலிருந்து அழகாக இறங்குகிறது என்றால் நேரம் முன்பே எழுதி வைத்தது என்று அர்த்தம்.

ஆக, மூன்று வேளையும் 132 என்றால் சந்தேகமே இல்லை, நிலையான திட்டத்தில் ஓடுகிறது. கேமரா உயிரோடு இருக்கலாம், அது சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. சில ஊரில் கணக்குப் போடும் மூளை கம்பத்துக்குக் கீழே பெட்டியிலேயே இருக்கும். சில ஊரில் அது கமாண்ட் சென்டரில், அதாவது ஊர் சிக்னல்களையெல்லாம் ஒரே இடத்திலிருந்து கவனிக்கிற கன்ட்ரோல் ரூமில் இருக்கும், பெட்டிக்கும் அதற்கும் நடுவில் ஃபைபர் கேபிள். கேபிள் அறுந்தால் பெட்டி அணைந்துவிடாது, அணையவும் கூடாது. சேமித்து வைத்த திட்டத்துக்கு மாறி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் புகார் சொன்னால் "எரியுதுல்ல" என்கிறார்கள். மேற்குக்கு 40 என்பது பைபாஸிலிருந்து வண்டி குவியும் என்று நினைத்து ஆபீசில் உட்கார்ந்து எழுதிய எண்ணாக இருக்கும்.

புரட்டாசியில் உங்கள் முக்கில் ஏதாவது தோண்டினார்களா?

முக்குக்கடை பேக்கரி:

தோண்டாத மாதம் எது என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடைக்கு மார்க்கெட் ரோட்டை நீளமாக வெட்டினார்கள். ஆமாம், ஒன்று சொல்ல வேண்டும். என் கடைப் படிக்கு ஓரமாக, கை விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் குழாய் மண்ணிலிருந்து வெளியே வந்து, கம்பத்தில் சுற்றி, அந்தப் பக்கம் வெட்டுப்பட்டுத் தொங்குகிறது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்து ஆறு மாதமாக அதில்தான் மேஜை துடைக்கிற துணியைக் காயப்போடுகிறேன்.

சிங்கை சிக்னல்காரன்:

துணியை வேறு இடத்தில் காயப்போடுங்கள் அண்ணே. அநேகமாக அதுதான்.

சாலைப்பொறி மாணவி:

குறுக்கே வருகிறேன். சிவில் முதுகலையில் போக்குவரத்துப் பொறியியல் படிக்கிறேன். ஃபைபர் ஒட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. அண்ணா, ஒரு உதவி: மாலை நெரிசலில் ஒவ்வொரு ரோட்டிலும் ஒரு பச்சையில் எத்தனை வண்டி கோட்டைத் தாண்டுகிறது, ரோடு எத்தனை மீட்டர் அகலம், பச்சை முடிந்த பிறகு எத்தனை வண்டி மீதி நிற்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

முக்குக்கடை பேக்கரி:

எண்ணியாயிற்று. இப்போது வாடிக்கையாளர்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள், கடையில் ஒரு கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஆகிவிட்டது. மில் ரோடு 7 மீட்டர். 30 வினாடியில் பைக் 34, ஆட்டோ 4, கார் 7, பஸ் 1. மீதி நிற்பது ஒவ்வொரு முறையும் பைக்கும் காருமாகப் பன்னிரண்டு பேர். மேற்கு ரோடு பத்தரை மீட்டர், 40 வினாடியில் பைக் 8, கார் 5. பஸ் ஸ்டாண்ட் ரோடு மில் ரோடு மாதிரியே அகலம், கிட்டத்தட்ட நிரம்பித்தான் ஓடுகிறது, ஆனால் மீதி நிற்பதில்லை. மார்க்கெட் ரோடு 16இல் கடைசி இரண்டு வினாடி காலி.

சாலைப்பொறி மாணவி:

அருமை அண்ணா, எங்கள் வகுப்பில் சர்வேக்குப் போனவர்களே இவ்வளவு ஒழுங்காக எண்ணவில்லை.

பைக்கை அரைக் கார், ஆட்டோவை ஒரு கார், பஸ்ஸை மூன்று கார் என்று கொள்கிறேன். மில் ரோடு: 17, 4, 7, 3, மொத்தம் 31 கார் அளவு. ஒரு ரோட்டின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525ஆல் பெருக்கினால், பச்சையே தொடர்ந்து எரிந்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு மதிப்பு வரும். 7 மீட்டருக்கு 3,675, அதாவது வினாடிக்கு ஒன்றுக்கும் சற்று அதிகம். 30 வினாடிக்கு 31. உங்கள் எண்ணிக்கையும் 31. மில் ரோட்டில் ஒரு வினாடி கூட வீணாகவில்லை, அங்கே யாரும் மெதுவாக ஓட்டவில்லை, அவர்களுக்கு நேரம்தான் போதவில்லை. மீதி நிற்பவர்களும் ஒரு 8 கார் அளவு. அவர்களையும் சேர்த்தால் 39 வினாடி வேண்டும். மேற்கில் வருவது மொத்தமே 9 கார் அளவு, அவ்வளவு அகல ரோட்டில் 6 வினாடியில் தாண்டிவிடுவார்கள். 34 வினாடி நாய்க்குத்தான்.

சுற்று நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு வெப்ஸ்டர் என்பவர் 1958இல் கொடுத்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. மஞ்சளிலும் புறப்படுகிற தயக்கத்திலும் ஒரு சுற்றில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு 16 வினாடி, ஆக 29. பிறகு நான்கு ரோட்டின் தேவையையும், அதாவது மொத்தச் சுற்றில் எத்தனை பங்கு பச்சை ஒவ்வொன்றுக்கும் உண்மையில் வேண்டும் என்பதை, கூட்டி ஒன்றிலிருந்து கழித்து, அதால் வகுக்க வேண்டும். உங்கள் தேவை சுமார் 0.66. 29ஐ 0.34ஆல் வகுத்தால் 85 வருகிறது. 132 தேவையே இல்லை. கேமரா, ஃபைபர் எதுவும் இல்லாமல், ஒருவர் பெட்டியில் நான்கு எண்ணை மாற்றினால் 90 வினாடிக்குள் மில் ரோட்டு வரிசை கரைந்துவிடும்.

ஆனால் அதே சூத்திரம் இன்னொன்றும் சொல்கிறது. தேவை 0.8 ஆனால் 145 வினாடி, 0.9 ஆனால் 290, 0.95 ஆனால் 580. அதாவது சந்திப்பு உண்மையிலேயே நிரம்பிவிட்டால் எந்த ஏ.ஐ.யாலும் ஒன்றும் செய்ய முடியாது. அது இருக்கிற நேரத்தைப் பங்குபோடும், புதிதாக நேரம் தயாரிக்காது. உங்கள் சந்திப்பு அந்த நிலைக்கு இன்னும் போகவில்லை.

டவுன் பஸ் ஓட்டுநர்:

கணக்கெல்லாம் சரிங்க. நான் ஓட்டுகிற ஊர் வேறு, ஆனால் எல்லா ஊரிலும் இதே கதைதான். சிக்னலைத் தாண்டியதும் பஸ் ஸ்டாப் எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு 50 அடியில். முன்னால் ஒரு பஸ் ஆள் ஏற்றினால் பின்னால் நான் நடு சந்திப்பில் நிற்பேன். எனக்குப் பின்னால் பச்சை எரிந்துகொண்டே இருக்கும், ஒருவரும் நகர முடியாது. எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள். கேமரா ஸ்டாப் லைனில் கூட்டத்தைப் பார்த்து இன்னும் பச்சை கொடுக்கும். கொடுத்து என்ன? போக இடம் வேண்டுமே. ஸ்டாப்பை 250 அடி தள்ளி வைக்கச் சொல்லி எழுதுங்கள். செலவு ஒரு நிழற்குடை.

முக்குக்கடை பேக்கரி:

சொல்லி வைத்தாற்போல இருக்கிறது. தெற்குப் பக்கம் ஸ்டாப் சரியாக என் கடைக்கு அடுத்த கடை வாசலில். தள்ளி வைத்தால் எனக்கு டீ வியாபாரம் குறையும், உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதையும் மனுவில் சேர்க்கிறேன்.

கோவை வாசகன்:

சிக்னலே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடலாமே? எங்கள் ஊரில் 2023 வாக்கில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்திவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். லாலி ரோட்டில் ரவுண்டானா. நேராகப் போகிறவன் நிற்காமல் போகிறான், வலப்பக்கம் திரும்ப வேண்டியவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருகிறான். கேமரா, கேபிள் தொல்லை இல்லை.

சாலைப்பொறி மாணவி:

நான்கு முனை சிக்னலில் வீணாகும் அந்த 16 வினாடியை அது மிச்சம் பிடிக்கிறது, அதனால் ஓட்டம் கிடைக்கிறது. ஆனால் அதற்கு நடுவில் தடுப்பும், யூ-டர்ன் அடிக்க அகலமும் வேண்டும். 7 மீட்டர் ரோட்டில் பஸ் திரும்பாது. இன்னொன்று, வண்டி நிற்கவே நிற்காத ரோட்டில் நடக்கிறவர் எப்போது குறுக்கே போவார்?

முக்குக்கடை பேக்கரி:

நடக்கிறவர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சிக்னலில் நடக்கிற பொம்மை விளக்கு மாட்டியிருக்கிறார்கள், ஒரு நாளும் பச்சையாகி நான் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் பூ விற்கிற பாட்டி தினமும் காலையில் என் கடைக்கு ஒரு பன்னும் டீயும் வாங்க வரும். வருவதற்குக் கையைக் காட்டி, நின்று, மறுபடி கையைக் காட்டி, ஐந்து நிமிடம். கேமரா அந்தப் பாட்டியை எண்ணுமா?

சிங்கை சிக்னல்காரன்:

எண்ணாது அண்ணே, எண்ணச் சொல்லிக் கட்டம் வரைந்தால்தான் எண்ணும். வண்டிக்கு மட்டும்தான் வரைவார்கள்.

சிங்கப்பூரில் 2009இலிருந்து ஒன்று வைத்திருக்கிறார்கள். ரோடு கடக்கிற பட்டனுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி. வயதானவர்கள் தங்கள் சலுகை அட்டையை அதில் தொட்டால் பச்சை பொம்மை கூடுதலாக எரியும். ரோட்டு அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை. முதலில் மாட்டியபோது ஒரு சீனப் பாட்டி சும்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரோட்டைக் கடக்காமலே திரும்பிப் போனது. ஸ்மார்ட் சிட்டி என்று யாராவது சொன்னால் எனக்கு ஆயிரம் திரை வைத்த கன்ட்ரோல் ரூம் நினைவுக்கு வராது, அந்தப் பெட்டிதான் வரும்.

சாலைப்பொறி மாணவி:

பாட்டி கடக்கிற இடம் 14 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கே 12 வினாடி வேண்டும். பாட்டிக்கு 16 என்று கொள்ளுங்கள். மேற்கு ரோட்டில் வீணாகும் 34இல் இருந்து எடுத்துக் கொடுத்தாலே போதும்.

ஊர்க்குருவி 77:

எதற்கு இவ்வளவு? கூகுள் மேப்பில் ரோடு சிவப்பாகத் தெரிகிறதே, அதைப் பார்த்து சிக்னலை மாற்ற முடியாதா?

சாலைப்பொறி மாணவி:

அதையும் செய்கிறார்கள். கூகுளின் கிரீன் லைட் திட்டம் அதுதான். செல்போன்கள் நகர்வதை வைத்து எந்தச் சந்திப்பில் எத்தனை முறை நின்று புறப்படுகிறார்கள் என்று கணக்கிட்டு, "இந்த நேரத்தில் இந்தப் பச்சையைச் சில வினாடி மாற்றுங்கள்" என்று பரிந்துரை கொடுக்கும். பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தாவில் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாற்றுவது மனிதர்கள்தான். புதுக் கேமரா தேவையில்லை என்பது நல்ல விஷயம். ஆனால் போன் எண்ணுவது போனை, வண்டியை இல்லை. 2020இல் பெர்லினில் ஒரு கலைஞர் கைவண்டியில் 99 பழைய போன்களைப் போட்டுக்கொண்டு காலியான தெருவில் மெதுவாக இழுத்துப் போனார், வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது.

முக்குக்கடை பேக்கரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். "சிக்னல் சரியில்லை" என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "சுற்று நேரம் நாள் முழுதும் 132 வினாடி, மாறுவதில்லை. கருவி நிலையான திட்டத்தில் ஓடுகிறது. கமாண்ட் சென்டரோடு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். மேற்கு ரோட்டுப் பச்சை 40இல் 34 வினாடி பயனில்லை" என்று எழுதி, பன் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். வாங்கிய அம்மா அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு "நீங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்று கேட்டார். பேக்கரி என்றேன்.

பன்னிரண்டாவது நாள் இரண்டு பேர் லேப்டாப்போடு வந்தார்கள். பெட்டியைத் திறந்து அரை மணி நேரம். இப்போது சுற்று 96 வினாடி. மில் ரோட்டுக்கு 34, பஸ் ஸ்டாண்டுக்கு 24, மார்க்கெட் 12, மேற்கு 10. முதல் நாள் மாலையே வரிசை பெட்ரோல் பங்க் வரை போகவில்லை. இரண்டாவது நாள் மழை, அன்று போனது, சொல்லிவிடுகிறேன்.

பொம்மை விளக்குக்கு "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். நான்கு பக்க வண்டியும் நிற்கிற மாதிரி 16 வினாடி சேர்க்கச் சொல்லி இரண்டாவது மனு போட்டிருக்கிறேன். பாட்டியின் கைரேகையும் அதில் இருக்கிறது. பஸ் ஸ்டாப் வேறு இலாகாவாம், அதற்குத் தனி மனு. ஃபைபர் ஒட்டவில்லை. சாக்கடை வேலை முடிந்து ரோடு போட்ட பிறகுதான் ஒட்டுவார்களாம், இப்போது ஒட்டினால் மறுபடி வெட்டுப்படும் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆக கேமரா இன்னும் சும்மாதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்று காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எண்ணினேன். 96.

சிங்கை சிக்னல்காரன்:

நல்ல வேலை அண்ணே. ஒட்ட வருகிற அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். ஒட்டி முடித்ததும் எண் போர்டு பழையபடி இருட்டானால்தான் வேலை முடிந்தது, அதுவரை பையன்களை விடாதீர்கள். துணியை எடுத்துவிட்டீர்களா?

முக்குக்கடை பேக்கரி:

எடுத்துவிட்டேங்க. இப்போது பக்கத்துக் கடைக்காரர் காயப்போடுகிறார். சொல்லியிருக்கிறேன்.